முடிந்த அனிமேஷனைச் சமூக ஊடகக் காணொளியாக எக்ஸ்போர்ட் செய்தல்

அனிமேஷன் எனப் பரவலாக அழைக்கப்படும் அசைவூட்டப் படைப்பை, அதை உருவாக்கிய மென்பொருள் இல்லாமலேயே எந்தக் கைப்பேசியிலும் கணினியிலும் பார்க்கக்கூடிய காணொளிக் கோப்பாக மாற்றும் பணி எக்ஸ்போர்ட் எனப்படுகிறது. யூடியூப், இன்ஸ்டாகிராம், முகநூல், எக்ஸ், வாட்ஸ்அப் போன்ற தளங்களில் வெளியிடும் படைப்புகளுக்கு இதுவே கடைசிப் படி. பல வாரங்கள் உழைத்து வரைந்த காட்சி மங்கலாகத் தெரிவது, ஒலி இல்லாமல் போவது, ஓரங்கள் வெட்டுப்படுவது, பாதியில் நின்றுவிடுவது ஆகியவை பெரும்பாலும் இந்தப் படியில் நேரும் பிழைகளே. ஒரு சமூக ஊடகத் தளம் தனக்கு அனுப்பப்படும் கோப்பை அப்படியே காட்டுவதில்லை. மீண்டும் ஒருமுறை சுருக்கியே காட்டுகிறது. எக்ஸ்போர்ட் தொடர்பான பெரும்பாலான முடிவுகளுக்கு இந்த உண்மையே அடிப்படை.

சுருக்கம் ஏன் தேவைப்படுகிறது

அனிமேஷன் என்பது வேகமாக அடுத்தடுத்துக் காட்டப்படும் அசையாப் படங்களின் வரிசை. ஒவ்வொரு படமும் பிரேம் அல்லது சட்டகம் எனப்படும். 1920×1080 பிக்சல் அளவுள்ள ஒரு பிரேமில் 20,73,600 பிக்சல்கள் உள்ளன. ஒவ்வொரு பிக்சலுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என 3 பைட் வீதம் கணக்கிட்டால் ஒரு பிரேமுக்கு ஏறத்தாழ 6.2 மெகாபைட் ஆகும். நொடிக்கு 24 பிரேம் என்றால் ஒரு நொடிக்கு 149 மெகாபைட். ஒரு நிமிடத்துக்கு ஏறத்தாழ 9 கிகாபைட்.

இதே அளவுள்ள காணொளிக்கு யூடியூப் பரிந்துரைக்கும் பிட் வீதம் நொடிக்கு 8 மெகாபிட். 8 பிட் சேர்ந்தது ஒரு பைட் என்பதால் இது நொடிக்கு 1 மெகாபைட் ஆகும். ஒரு நிமிடத்துக்கு 60 மெகாபைட். அதாவது மூலத் தரவில் ஏறத்தாழ 150-இல் ஒரு பங்கு மட்டுமே கோப்பில் எஞ்சுகிறது. முந்தைய பிரேமிலிருந்து எது மாறியதோ அதை மட்டும் பதிவது, கண் எளிதில் கவனிக்காத நுண்விவரங்களை விட்டுவிடுவது ஆகிய வழிகளில் இந்தச் சுருக்கம் நடைபெறுகிறது.

கொள்கலனும் கோடெக்கும்

எக்ஸ்போர்ட் சாளரத்தில் மாணவர்களை அதிகம் குழப்புபவை இந்த இரு சொற்கள். காட்சித் தரவையும் ஒலித் தரவையும் ஒன்றாக அடைத்து வைக்கும் கோப்பு வடிவம் கொள்கலன். எம்பி4, மட்ரோஸ்கா, குயிக்டைம் ஆகியவை கொள்கலன்கள். தரவைச் சுருக்கவும் விரிக்கவும் பயன்படும் முறை கோடெக். எச்.264, எச்.265, விபி9, ஏவி1 ஆகியவை காட்சிக்கான கோடெக்குகள். ஏஏசி, ஓபஸ் ஆகியவை ஒலிக்கானவை. டிபன் பெட்டியைப் பார்த்து உள்ளே இருப்பது இட்லியா சோறா என்று சொல்ல முடியாதது போல, எம்பி4 என்ற பெயரை மட்டும் வைத்து உள்ளே இருக்கும் கோடெக்கைச் சொல்லிவிட முடியாது.

எச்.264 2003-இல் தரநிலையாக வெளிவந்தது. 2013-இல் வந்த எச்.265-உம் 2018-இல் வந்த ஏவி1-உம் அதைவிடச் சிறிய கோப்பில் அதே தரத்தைத் தரக்கூடியவை. ஆனாலும் பழைய கைப்பேசி முதல் புதிய கணினி வரை எல்லாக் கருவிகளிலும் ஓடுவது எச்.264 என்பதால், பதிவேற்றத்துக்கு எம்பி4 கொள்கலன், எச்.264 காட்சி, ஏஏசி ஒலி என்ற சேர்க்கையே பாதுகாப்பானது. 1987-இல் அறிமுகமான ஜிஃப் வடிவத்தில் ஒலி கிடையாது; ஒரு பிரேமில் 256 வண்ணங்களுக்கு மேல் இடமும் இல்லை. எனவே சில நொடிகள் ஓடும் எளிய சுழற்சி அசைவுகளைத் தவிர மற்றவற்றுக்கு அது பொருந்தாது.

இரண்டு முறை நடக்கும் சுருக்கம்

பதிவேற்றப்பட்ட கோப்பைத் தளம் பல தரங்களில் மறுபடி சுருக்கி வைத்துக்கொள்கிறது. இணைய வேகம் குறைந்தவருக்குச் சிறிய வடிவத்தையும், வேகம் மிகுந்தவருக்குப் பெரிய வடிவத்தையும் அனுப்புவதற்காகவே இந்த ஏற்பாடு. ஜெராக்ஸ் எடுத்த தாளையே மீண்டும் ஜெராக்ஸ் எடுத்தால் எழுத்து மேலும் மங்குவது போல, முதல் சுருக்கத்தில் உண்டான கறைகள் இரண்டாவது சுருக்கத்தில் பெருகுகின்றன.

ஆகவே பதிவேற்றும் கோப்பைச் சிறிதாக்குவது நோக்கமாக இருக்கக் கூடாது. தளத்தின் அளவு வரம்புக்குள், கண்ணுக்குக் குறை தெரியாத தரத்தில் அது இருக்க வேண்டும். பரிந்துரைக்கப்பட்ட பிட் வீதத்தைவிடச் சற்று அதிகமாக வைப்பதில் தீங்கில்லை. அதைவிட மிகக் குறைவாக வைத்தால் இழந்த விவரத்தைப் பின்னர் எவ்வகையிலும் மீட்க முடியாது. வாட்ஸ்அப் வழியாக நண்பரிடம் வந்து சேர்ந்த கோப்பை எடுத்து யூடியூபில் ஏற்றுவது இக்காரணத்தாலேயே தவறானது. மூலக் கோப்பை வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டியிருந்தால், காணொளியாக அனுப்பாமல் ஆவணமாக இணைத்து அனுப்பினால் அது சுருக்கப்படாமல் சென்று சேரும்.

முதலில் படவரிசை, பிறகு காணொளி

அனிமேஷன் மென்பொருளிலிருந்து நேரடியாக எம்பி4 கோப்பை எடுக்க முடியும். சில நொடி சோதனைக்கு அது போதும். முழுப் படைப்புக்கு அனுபவமுள்ளோர் வேறு வழியைப் பின்பற்றுகின்றனர். முதலில் ஒவ்வொரு பிரேமையும் தனித்தனி பிஎன்ஜி படமாக எடுத்துவிட்டு, பின்னர் அந்தப் படவரிசையிலிருந்து காணொளியை உருவாக்குகின்றனர்.

ஒரு நிமிடப் படத்தில் நொடிக்கு 24 வீதம் 1,440 பிரேம்கள் உள்ளன. ஒரு பிரேமைக் கணக்கிட்டு வரைய கணினிக்கு 2 நிமிடம் பிடித்தால், மொத்தம் 48 மணி நேரம் ஆகும். நாற்பதாவது மணி நேரத்தில் மின்சாரம் நின்றால் என்ன ஆகும்? எம்பி4 கோப்பின் உள்ளடக்க அட்டவணை வழக்கமாகக் கோப்பு முடியும்போதுதான் எழுதப்படுகிறது. எனவே பாதியில் நின்ற எம்பி4 பெரும்பாலும் திறக்கவே திறக்காது. நாற்பது மணி நேர வேலையும் போய்விடும். படவரிசையாக இருந்தால் அதுவரை முடிந்த 1,200 படங்களும் அப்படியே இருக்கும். எஞ்சிய 240 படங்களை மட்டும் எடுத்தால் போதும்.

இம்முறையில் இன்னும் இரண்டு பயன்கள் உள்ளன. பிஎன்ஜி இழப்பற்ற வடிவம் என்பதால், ஒரே படவரிசையிலிருந்து யூடியூபுக்கு ஒன்று, இன்ஸ்டாகிராமுக்கு ஒன்று எனத் தேவைப்பட்ட எல்லாக் காணொளிகளையும் தரம் குறையாமல் எடுக்கலாம். 300-ஆவது பிரேமில் ஒரு கையின் வண்ணம் தவறிவிட்டால் அந்தச் சில படங்களை மட்டும் திருத்தி மாற்றலாம். பின்னணி ஒளிபுகும்படி இருக்க வேண்டிய படங்களுக்கும் பிஎன்ஜி ஏற்றது, வழக்கமான எச்.264 காணொளியில் ஒளிபுகும் தன்மை நிலைக்காது.

பிளெண்டரில் செய்யும் முறை

பிளெண்டர் கட்டணமில்லாத் திறமூல மென்பொருள். நெதர்லாந்தில் டான் ரோசன்டால் உருவாக்கிய இது 2002-இல் திறமூலமாக வெளியிடப்பட்டது. 2025-இல் சிறந்த அனிமேஷன் திரைப்படத்துக்கான ஆஸ்கர் விருதைப் பெற்ற லாட்வியத் திரைப்படமான ஃப்ளோ இதில் உருவாக்கப்பட்டதே. மாணவர்கள் பரவலாகப் பயன்படுத்துவதால் இங்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது. பதிப்பைப் பொறுத்து அமைப்புகளின் இடம் சற்று மாறலாம். ஆஃப்டர் எஃபெக்ட்ஸ், ஓபன்டூன்ஸ், கிரிட்டா ஆகியவற்றிலும் அடிப்படை ஒன்றே.

முதல் கட்டம், படவரிசை எடுத்தல்:

1. அவுட்புட் பகுதியில் தெளிவுத்திறனைக் குறிப்பிட வேண்டும். அதன் கீழே உள்ள சதவீதம் 100 ஆக இருக்கிறதா எனப் பார்க்க வேண்டும். சோதனைக்காக 50 ஆக்கி, திருப்பி மாற்ற மறப்பது மிகப் பொதுவான பிழை.

2. தொடக்க, முடிவு பிரேம்களைச் சரிபார்க்க வேண்டும். பிளெண்டரில் இயல்பான முடிவு 250. மாற்றாமல் விட்டால் 24 பிரேம் வீதத்தில் 10 நொடிக்குச் சற்று மேல் படம் நின்றுவிடும்.

3. கோப்பு வகையைப் பிஎன்ஜி ஆக்கி, தனிக் கோப்புறை ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 1,440 படங்கள் மற்றக் கோப்புகளோடு கலந்துவிட்டால் பிரிப்பது கடினம்.

4. ஓவர்ரைட் என்ற தெரிவை நீக்கிவிட்டால், இடையில் நின்ற வேலையை மறுபடி தொடங்கும்போது ஏற்கெனவே இருக்கும் படங்களைத் தாண்டி விடுபட்டவற்றை மட்டும் மென்பொருள் எடுக்கும். நின்ற நேரத்தில் எழுதப்பட்டுக் கொண்டிருந்த கடைசிப் படம் பழுதாகியிருக்கலாம் என்பதால், அதை அழித்துவிட்டுத் தொடங்குவது நல்லது.

இரண்டாம் கட்டம், காணொளி ஆக்குதல்:

1. காணொளித் தொகுப்புக்கான புதிய கோப்பைத் திறந்து, படவரிசை முழுவதையும் ஒரே துண்டாகச் சேர்க்க வேண்டும். ஒலிக் கோப்பை அதே தொடக்கப் புள்ளியில் வைக்க வேண்டும். பிரேம் வீதமும் முடிவு பிரேமும் முன்பு வைத்தவையாகவே இருக்க வேண்டும்.

2. வண்ண மேலாண்மைப் பகுதியில் வியூ டிரான்ஸ்ஃபார்ம் ஸ்டாண்டர்ட் என்று இருக்க வேண்டும். 4.0 பதிப்பு முதல் முப்பரிமாணக் காட்சிகளுக்கு இயல்பாக ஏஜிஎக்ஸ் என்ற மாற்றம் பயன்படுகிறது. படங்கள் எடுக்கப்பட்டபோதே அது சேர்ந்துவிட்டது. இங்கும் அதே இருந்தால் மாற்றம் இரண்டாவது முறையாகச் சேர்ந்து வண்ணங்கள் வெளிறிவிடும்.

3. கோப்பு வகை காணொளி, கொள்கலன் எம்பி4, காட்சிக் கோடெக் எச்.264 எனத் தேர்ந்தெடுக்க வேண்டும். தர வரிசையில் மீடியம் என்பதற்குப் பதிலாக ஹை அல்லது பெர்செப்சுவலி லாஸ்லெஸ் என்பதைக் கொள்ளலாம். பின்னது கண்ணுக்கு இழப்பு தெரியாத அளவிலான சுருக்கம்.

4. ஒலிக் கோடெக் ஏஏசி எனத் தேர்ந்தெடுக்க வேண்டும். இவ்விடத்தில் ஒலி இல்லை என்ற நிலை இருந்தால், டைம்லைனில் பாட்டு இருந்தும் காணொளி ஊமையாகவே வரும்.

அளவும் வடிவமும்

யூடியூபின் வழக்கமான காணொளிகளுக்கு 16:9 விகிதமும் 1920×1080 பிக்சலும் பொருந்தும். ரீல்ஸ், ஷார்ட்ஸ், ஸ்டோரி ஆகியவற்றுக்குக் கைப்பேசியை நிமிர்த்திப் பிடித்த 9:16 வடிவமும் 1080×1920 பிக்சலும் தேவை. இன்ஸ்டாகிராம், முகநூல் பதிவுகளில் 1080×1080 சதுரமும், 1080×1350 அளவுள்ள 4:5 வடிவமும் பயன்படுகின்றன.

கிடைமட்டப் படத்தைப் பின்னர் நெடுக்கு வடிவமாக வெட்டிக்கொள்ளலாம் என எண்ணுவது ஆபத்தானது. 1920×1080 படத்திலிருந்து 9:16 பகுதியை வெட்டினால் ஏறத்தாழ 608 பிக்சல் அகலமே மிஞ்சும். மூன்றில் இரண்டு பங்கு காட்சி போய்விடும். எஞ்சியதையும் பெரிதாக்க வேண்டியிருப்பதால் அது மங்கும். இரு கதாபாத்திரங்கள் இரு ஓரங்களில் நின்று பேசும் காட்சியில் இருவருமே காணாமல் போவர். எந்தத் தளத்துக்கு என்பதை வரையத் தொடங்கும் முன்பே முடிவு செய்வதும், இரு வடிவமும் தேவையென்றால் நெடுக்கு வடிவத்துக்குக் கேமராவைத் தனியாக அமைத்து எடுப்பதும் இதற்கான தீர்வுகள்.

நெடுக்குக் காணொளிகளின் மேல் தளத்தின் பொத்தான்களும் எழுத்துகளும் வந்து அமர்கின்றன. பெயரும் குறிப்பும் கீழே, விருப்பம், பகிர்வு முதலிய குறிகள் வலப்பக்கம். ஆகவே வசன வரிகளையும் முக்கியமான அசைவையும் கீழ்ப்பகுதியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்கு மேலே, நடுவில் அமைப்பது பாதுகாப்பானது.

வழக்கமான எச்.264 காணொளியின் அகலமும் உயரமும் இரட்டைப்படை எண்களாக இருக்க வேண்டும். 1080×1350 அளவைச் சோதனைக்காகப் பாதியாக்கினால் 540×675 ஆகும். 675 ஒற்றைப்படை என்பதால் பல மென்பொருட்கள் பிழைச் செய்தி காட்டி நின்றுவிடும்.

கால வரம்பும் தளத்துக்குத் தளம் மாறும். யூடியூப் ஷார்ட்ஸ் 2024 அக்டோபர் முதல் 3 நிமிடம் வரை அனுமதிக்கிறது. இந்த வரம்புகள் அடிக்கடி மாறுவதால், வெளியிடும் நாளில் தளத்தின் உதவிப் பக்கத்தைப் பார்த்துக்கொள்வது நல்லது.

பிரேம் வீதம்

எந்த வீதத்தில் அனிமேஷன் செய்யப்பட்டதோ அதே வீதத்திலேயே எக்ஸ்போர்ட் செய்ய வேண்டும். 24-ஐ 30 ஆக மாற்றினால் நொடிக்கு 6 பிரேம்கள் கூடுதலாகத் தேவைப்படும். மென்பொருள் ஒவ்வொரு நான்கு பிரேமுக்கும் ஒன்றை இரட்டிப்பாக்கி இதை ஈடுகட்டும். விளைவாக, சீராக நகர வேண்டிய பந்து தட்டித் தட்டி நகர்வது போலத் தெரியும். முக்கிய தளங்கள் 24, 25, 30 ஆகிய வீதங்களை ஏற்பதால் மாற்றத் தேவையும் இல்லை.

கையால் வரையும் அனிமேஷனில் ஒரே படத்தை இரண்டு பிரேம்களுக்கு நிறுத்தி, நொடிக்கு 12 படங்கள் மட்டும் வரைவது பழைய வழக்கம. அத்தகைய படைப்பையும் 24 வீதத்திலேயே எடுக்கலாம். மாறாத பிரேம்கள் சுருக்கத்தில் மிகக் குறைந்த இடத்தையே பிடிக்கும்.

வண்ணமும் தமிழ் எழுத்தும்

இணையக் காணொளிகளில் ஒளி அளவு ஒவ்வொரு பிக்சலுக்கும் பதிவாகிறது. வண்ணமோ நான்கு பிக்சலுக்கு ஒன்று என்ற கணக்கில்தான் பதிவாகிறது. இயற்கைக் காட்சிகளில் இது தெரிவதில்லை. நீலப் பின்னணியில் சிவப்பு எழுத்து, மெல்லிய வண்ணக் கோடு போன்றவற்றில் ஓரம் கசிந்தது போலத் தெளிவாகத் தெரியும். எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே வண்ண வேறுபாட்டோடு ஒளி வேறுபாடும் இருந்தால் இக்குறை மறையும்.

தமிழ் எழுத்துகளுக்கு இதில் தனிக் கவனம் தேவை. மெய்யெழுத்தின் புள்ளி சில பிக்சல் அளவே உள்ளது. இருமுறை சுருக்கத்தில் முதலில் கரைவது அதுதான். புள்ளி கரைந்தால் 'பல்' என்பது 'பல' ஆகிவிடும். சிறுவர்களுக்கான எழுத்துப் பாடங்களில் இது சிறு குறை அன்று. தடித்த எழுத்துரு, போதிய அளவு, மெல்லிய கருநிற ஓரக்கோடு ஆகியவை புள்ளியைக் காக்கும். மேலும் சில அனிமேஷன் மென்பொருட்கள் கொம்பு, கால் போன்ற குறிகளைத் தவறான இடத்தில் காட்டுகின்றன. அப்போது இங்க்ஸ்கேப் போன்ற மென்பொருளில் எழுதி, எழுத்தை வடிவக் கோடுகளாக மாற்றிக் கொண்டுவருவது வழக்கமான தீர்வு.

மாலை வானம் போன்று மெதுவாக மாறும் வண்ணப் பரப்புகள் சுருக்கத்தில் பட்டை பட்டையாகத் தெரியும். எடுக்கும் முன் மிக நுண்ணிய புள்ளித் துகள்களைப் படத்தில் தூவினால் பட்டைகள் குறையும். அளவுக்கு மிஞ்சித் தூவினால் அந்தத் துகள்களே பிட் வீதத்தைத் தின்றுவிடும்.

ஒலி

ஒலிக்கு ஏஏசி கோடெக்கும், நொடிக்கு 48,000 மாதிரிகளும் பொருத்தமானவை. ஒலியின் உச்சம் வரம்பைத் தொட்டு உடையாமல் சற்றுக் குறைவாக இருக்க வேண்டும். பேருந்திலும் வகுப்பறையிலும் ஒலியை நிறுத்திவிட்டுப் பார்ப்பவர்கள் உண்டு. வசன வரிகள் இருந்தால் அவர்களுக்கும் கதை புரியும். காது கேளாதோருக்கு அதுவே ஒரே வழி.

திரைப்படப் பாடலைப் பின்னணியாகச் சேர்க்கும் முன் உரிமையைக் கவனிக்க வேண்டும். யூடியூபின் கன்டென்ட் ஐடி அமைப்பு பதிவேற்றப்படும் ஒலியை உரிமையாளர்கள் அளித்த கோப்புகளோடு ஒப்பிடுகிறது. பொருந்தினால், உரிமையாளரின் விருப்பப்படி காணொளி தடுக்கப்படலாம். அல்லது அதன் விளம்பர வருவாய் அவருக்குச் செல்லலாம்.

பதிவேற்றும் முன் சரிபார்த்தல்

மென்பொருளுக்குள் பார்ப்பது போதாது. எடுத்த கோப்பைக் கைப்பேசிக்கு மாற்றி, முதல் நொடியிலிருந்து கடைசி நொடி வரை பார்க்க வேண்டும். ஒலி உதட்டசைவோடு பொருந்துகிறதா, கடைசி எழுத்துகள் வெட்டுப்படாமல் வருகின்றனவா, வசன வரிகளின் புள்ளிகள் கை நீட்டிய தொலைவில் தெரிகின்றனவா என்பவை அதில் கவனிக்க வேண்டியவை. யூடியூபில் முதலில் தனிப்பட்ட பார்வைக்கு மட்டும் என ஏற்றி, தளம் மறுசுருக்கம் செய்த பின் எப்படித் தெரிகிறது என்று பார்த்துவிட்டுப் பொதுவில் வெளியிடலாம். ஏற்றியவுடன் முதலில் குறைந்த தர வடிவமே தயாராகும். உயர் தரம் சிறிது நேரம் கழித்தே வரும். அதற்குள் காணொளி மங்கலாகிவிட்டது எனக் கருதி அழித்துவிடத் தேவையில்லை.

பாதுகாத்து வைத்தல்

வெளியிட்ட பின்னும் மூலக் கோப்பு, படவரிசை, ஒலிக் கோப்பு ஆகிய மூன்றையும் வைத்திருக்க வேண்டும். 1998-இல் பிக்சார் நிறுவனத்தில் டாய் ஸ்டோரி 2 படத்தின் கோப்புகள் தவறான ஒரு கட்டளையால் அழியத் தொடங்கின. காப்புப் பிரதிகளும் பழுதாகியிருந்தன. தொழில்நுட்ப இயக்குநர் கேலின் சஸ்மன் வீட்டிலிருந்து வேலை செய்வதற்காக வைத்திருந்த ஒரு நகலே படத்தைக் காப்பாற்றியது. தளத்தில்தான் இருக்கிறதே என்று மூலத்தை அழித்தவருக்கு மிஞ்சுவது இருமுறை சுருக்கப்பட்ட நகல் மட்டுமே. நாளை வேறொரு வடிவம் கேட்கும் தளம் வரும்போதும், ஒரு திரைப்பட விழா பெரிய திரைக்கான கோப்பைக் கேட்கும்போதும், அந்த நகலிலிருந்து அதை உருவாக்க முடியாது. வேறொரு வட்டில் வைத்த படவரிசையிலிருந்து சில நிமிடங்களில் உருவாக்கிவிடலாம்.